வீட்டுக் குழாயில் கசிவு: நாம் அறிந்திருக்க வேண்டியவை



கடந்த மழைக்காலத்தில், குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்று ஒரு தாய் மருத்துவ உதவி கேட்டு வந்தார். உதவினோம். இரண்டு மாதத்தில் மீண்டும் வந்தார். அப்போதுதான் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். தெருக்குழாயிலிருந்து வீட்டுக்கு வரும் பைப் சாக்கடைக்குள் இறங்கி ஏறியது. இணைப்பில் விரிசல், அதன்மேல் சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டியிருந்தார்கள். நோய்க்கு அதுதான் காரணம் என்று நாங்கள் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனாலும் முதல் முறையே குழாயைப் பார்த்திருக்கலாமே என்ற வருத்தம் எங்களுக்கு உண்டு. ஆகவே இந்த இதழில் இந்தப் பாடம்.

கசிவின் ஆபத்து

கசிவு என்றால் தண்ணீர் வெளியே போவது என்றுதான் நினைக்கிறோம். நம் திருவாதவூர்ப் பக்கம் குழாயில் தண்ணீர் எப்போதும் இருப்பதில்லை. குறிப்பிட்ட நேரமே வருகிறது. வரும்போது அழுத்தம் தண்ணீரை விரிசல் வழியே வெளியே தள்ளும். நின்றபின் குழாய் காலியாகி, சுற்றியுள்ள சாக்கடை நீர் அதே விரிசல் வழியே உள்ளே நுழையும். மறுநாள் முதல் குடத்தில் வருவது அதுதான்.

2024 டிசம்பரில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பலர் வாந்தி, வயிற்றுப்போக்குடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டபோது, குடிநீரில் கழிவுநீர் கலந்ததோ என்ற ஐயமே முதலில் எழுந்தது.

குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் ஆபத்து இன்னும் கூடும். அந்த இழுப்பில் வழியிலுள்ள ஒவ்வொரு விரிசலும் அழுக்கை உள்ளே இழுக்கும். பக்கத்து வீட்டுக்குத் தண்ணீரும் கிடைக்காது. இது அண்டை வீட்டாரின் ஹக்கில் கைவைப்பதாகும். தண்ணீரைத் தரைத்தொட்டியில் தானாக விழவிட்டு, அங்கிருந்து மேல்தொட்டிக்கு மோட்டாரில் ஏற்றுங்கள்.

கழிவு கலந்து நிறம், சுவை, வாடை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று மாறிவிட்ட தண்ணீர் நஜீஸ்; அதில் உளூ கூடாது. இது மதரஸாவில் நாம் ஓதிய பாடம். ஆனால் மூன்றும் மாறாத தெளிந்த நீரிலும் நோய்க்கிருமி இருக்கலாம் என்பதை விஞ்ஞானப் பாடம் சொல்கிறது. இரண்டையும் நினைவில் வையுங்கள்.

கண்டுபிடிக்கும் முறை

இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்தொட்டியின் நீர்மட்டத்தில் குறியிடுங்கள். யாரும் தண்ணீர் எடுக்காமலே காலையில் மட்டம் இறங்கியிருந்தால், வீட்டுக்குள் எங்கோ கசிகிறது. தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் வாசலில் ஈரம் கண்டாலோ, முதலில் வரும் நீர் கலங்கியோ நாற்றமடித்தோ இருந்தாலோ, தெருவிலிருந்து வரும் பைப்பைச் சந்தேகியுங்கள்.

சொட்டும் குழாயையும் அலட்சியம் செய்ய வேண்டாம். ஒரு மணி நேரத்தில் 200 மில்லி டம்ளர் நிரம்பினால், மாதத்துக்கு 144 லிட்டர் வீண். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு, கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர்தான். ஒரு லிட்டருக்கும் குறைவான ஒரு முத்து தண்ணீரில் நபி (ஸல்) அவர்கள் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸில் படிக்கும் நமக்கு, இது சிறிய விரயமல்ல. பெரும்பாலும் தேய்ந்த வாசரை மாற்றினாலே போதும்.

பழுது பார்க்கும்போது

1. தெருவில் போகும் குழாய் ஊராட்சியின் பொறுப்பு. அதில் கசிவு கண்டால் ஊராட்சியில் தெரிவியுங்கள். அனுமதியின்றித் தெருவைத் தோண்டாதீர்கள்.

2. முதலில் வால்வை மூடி, மோட்டார் சுவிட்சையும் ஹீட்டர் சுவிட்சையும் நிறுத்துங்கள்.

3. விரிசலின் மேல் டியூப் சுற்றுவதும் எம்சீல் பூசுவதும் அவசரத்துக்கு மட்டுமே. விரிந்த துண்டை நேராக அறுத்தெடுத்து, கப்ளிங் போட்டுப் புதுத் துண்டை இணைக்க வேண்டும். முனைகள் ஈரமின்றிச் சுத்தமாக இருக்கட்டும். பசை காய டப்பாவில் எழுதியுள்ள நேரம் கழியும்வரை தண்ணீர் விடாதீர்கள்.

4. சுடுநீருக்குச் சாதாரண பிவிசி ஆகாது, சிபிவிசி வேண்டும். அதற்குரிய பசையும் வேறு. வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு பிவிசியில் ஐ.எஸ். 4985, சிபிவிசியில் ஐ.எஸ். 15778 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. பழைய இரும்புக் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். ஓரிடத்தில் ஓட்டை விழுந்தால் அந்த நீளத்தையே மாற்றுவது நல்லது.

6. குடிநீர் பைப் சாக்கடைக்குள் போகக் கூடாது. கடந்தே ஆக வேண்டுமென்றால் சாக்கடைக்கு மேலாக, பெரிய பைப் ஒன்றை உறையாகப் போட்டு, அந்த இடத்தில் இணைப்பே இல்லாமல் கொண்டு செல்லுங்கள்.

7. வேலை முடிந்ததும், தெளிந்த நீர் வரும்வரை முதல் தண்ணீரைச் செடிகளுக்கு விடுங்கள். தொட்டியைக் கழுவுங்கள். குடிக்கும் நீரை நன்கு கொதிக்க வைத்து ஆற்றிக் குடியுங்கள்.

அந்தத் தாயின் வீட்டுக் குழாயைப் பிறகு மாற்றிக் கொடுத்தோம். இரண்டு தடவை மருத்துவத்துக்குக் கொடுத்ததைவிட அதற்குச் செலவு குறைவு. உங்கள் தெருவிலும் இயலாத குடும்பம் இருந்தால் நம் அலுவலகத்தில் சொல்லுங்கள். குழாய்ச் செலவையும் இனி மருத்துவ உதவியாகவே கருதி, இன்ஷா அல்லாஹ், இயன்றதைச் செய்வோம். இன்றிரவே உங்கள் தொட்டியில் குறியிட்டுப் பாருங்கள்.