மையத்து வீட்டில் அயலார்

கேள்வி: பக்கத்து முஸ்லிம் வீட்டில் மரணம் நேர்ந்தால் மலர்வளையத்தோடு போகலாமா? – வாசகி, கப்பல்துறை

மலர்வளையம் வேண்டாம், விரைந்து செல்வதே மரியாதை. ஜனாஸா அல்லது மையத்து, அதாவது இறந்தவரின் உடல், பெரும்பாலும் அன்றோ மறுநாளோ நல்லடக்கம் செய்யப்பட்டுவிடுவதால், எட்டுச்செலவுக்குப் போய்க்கொள்ளலாம் என்னும் எண்ணம் இங்கே பொருந்தாது. பெண்கள் தலையை மூடிக்கொண்டு, பெண்கள் இருக்கும் பகுதிக்குச் சென்று, வீட்டாரின் கையைப் பற்றிச் சிறிது நேரம் உடனிருந்தாலே போதுமானது. கி.பி. 629இல் மூத்தா போரில் நபிகள் நாயகத்தின் ஒன்றுவிட்ட சகோதரர் ஜஃபர் இறந்தபோது, அவருடைய குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபிகள் பணித்ததாக ஹதீஸ் எனப்படும் நபிமொழித் தொகுப்பு கூறுகிறது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டாத தமிழர் வழக்கத்தோடு இது அழகாக ஒத்துப்போவதால், பூவுக்குச் செலவிடும் காசில், ஹலால் பற்றிய ஐயம் எழாதபடி சோறும் மரக்கறியும் சமைத்துக் கொடுப்பதே மிகச் சிறந்தது.