படுக்கையருகே பரிசுத்தம்

நோயாளிகளுடன் பல வாரங்கள் தங்கியிருப்போர் எங்களிடம் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. ஞாயிறு ஆராதனைக்குச் சென்று மாதக்கணக்காகிறது, வேதம் வாசிக்கவும் நேரமில்லை என்பார்கள். பெட்பேன் வைப்பதிலும் மருந்து கொடுப்பதிலும் நாள் கழிந்துவிட, பரிசுத்த வாழ்க்கை கைநழுவிப் போயிற்றோ என்று அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தை லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தைக் கொண்டு சற்று ஆராய்வோம்.

தேவன் பரிசுத்தராயிருப்பதால் அவருடைய ஜனங்களும் பரிசுத்தராயிருக்க வேண்டும் என்ற கட்டளையோடு அந்த அதிகாரம் தொடங்குகிறது. அடுத்து ஆலயக் காரியங்களே வரும் என்று எதிர்பார்ப்போம். பலியைப் பற்றியும் ஓய்வுநாளைப் பற்றியும் அதில் சொல்லப்பட்டிருப்பது உண்மையே. ஆயினும் முதலில் நிற்பது தாய் தகப்பனுக்குக் காட்ட வேண்டிய மதிப்பு. பின்பு, வயலின் ஓரத்தை எளியவருக்கென விட்டுவைத்தல், கூலியாளின் கூலியை மறுநாள்வரை வைத்துக்கொள்ளாதிருத்தல், முதியவர் முன் எழுந்து நிற்றல் என்று வரிசை நீள்கிறது. நோயாளியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் அமர்த்தியுள்ள பெண்ணுக்கு நாள் தள்ளாமல் சம்பளம் கொடுப்பதும், ஆகவே, பரிசுத்தத்தைச் சேர்ந்ததே.

அதே அதிகாரத்தின் 14-ஆம் வசனத்தில் நாம் சற்று நின்று யோசிக்க வேண்டும். காது கேளாதவரைப் பழிக்கலாகாது, பார்வையற்றவரின் வழியில் இடறும் பொருளை வைக்கலாகாது என்பது அதன் கருத்து. பழிச்சொல் காது கேளாதவரை எட்டாது. அவரால் மறுமொழி சொல்லவும் இயலாது. எனவேதான் அவ்விடத்தில் தேவனுக்குப் பயப்படும்படி சொல்லப்பட்டிருக்கிறது. பக்கவாதத்தால் பேச்சிழந்தவரின் நிலையும் இதற்கு ஒப்பானது. அவர்களில் பலருக்குச் சொல் வராதே தவிர, பிறர் பேசுவது பெருமளவு விளங்கும். அவர் தலைமாட்டிலேயே நின்று மருத்துவச் செலவைக் கணக்கிடுவதும், இன்னும் எத்தனை நாள் இப்படியோ என்று பெருமூச்சு விடுவதும் அவரைக் காயப்படுத்தும். மருத்துவர்களுக்கும் இது பொருந்தும். அத்தகைய பேச்சைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோவோம். கட்டிலருகே வரும்போது அவரை உறவுமுறை சொல்லி அழைத்து, தலையசைத்தே பதில் தரக்கூடிய சிறு கேள்வியைக் கேட்டுக் காத்திருப்போம். அந்தக் காத்திருப்பும் ஒருவகை ஜெபமே என்று எண்ணுகிறோம். வசனத்தின் மறுபாதிக்கு ஒரு குறிப்பு போதும்: கழிவறைக்குச் செல்லும் வழியில் வாளியோ செல்போன் சார்ஜர் வயரோ கிடக்க வேண்டாம்.

பரமபிதாவைப் போல நிறைவுள்ளவர்களாயிருக்க வேண்டும் என்று மத்தேயு எழுதியதற்கு இணையான இடத்தில், இரக்கமுள்ளவர்களாயிருக்க வேண்டும் என்று லூக்கா எழுதுகிறார். அவரே பதிவுசெய்த நல்ல சமாரியன் உவமையில் பலர் கவனிக்காத பகுதி ஒன்றுண்டு. காயப்பட்டவனைச் சத்திரத்துக்குக் கொண்டுவந்து பராமரித்த சமாரியன், மறுநாள் இரண்டு நாட்கூலிக்கு நிகரான பணத்தைச் சத்திரக்காரனிடம் கொடுத்து, அவனைக் கவனிக்கும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகிறான். அதனால் அவனது இரக்கம் குறைந்துபோனதாக இயேசு சொல்லவில்லை.

மூன்றாம் இரவும் கண்விழித்திருப்பவரின் கை மருந்தின் அளவில் தவறக்கூடும், எரிச்சலும் மிகும். ஓர் இரவு தம்பியோ மருமகளோ வந்து தங்கட்டும். வர ஆளில்லையெனில் தயங்காமல் வார்டு சிஸ்டரிடம் சொல்லுங்கள். நோயாளியை இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்கும் வேலையை யார் பார்த்துக்கொள்வது என்று அவருடன் பேசி முடிவுசெய்த பின், நீங்கள் சற்று உறங்கப் போகலாம்.