ஒரு முழு நிமிடம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுவது.

உன் அம்மா நேற்று ராத்திரி போன் செய்தாள். பணி ஆணை வந்துவிட்டது என்று சொன்ன குரலில் பாதிச் சந்தோஷம்தான் இருந்தது. "ஆபரேஷன் தியேட்டர், இருதய வார்டுன்னு ஏதாவது கிடைக்கும்னு நினைச்சோம்க்கா. பச்சைக் குழந்தை வார்டுல போட்டுட்டாங்க. பாலைக் குடுத்துத் தூங்க வைக்கிறதுக்கா நாலு வருஷம் படிச்சா?" என்றாள். உன் மனசிலும் அதுதான் ஓடுகிறது என்று புரிந்தது. போனில் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுதி வைத்தால், என்றாவது நைட் டியூட்டியில் மனம் சோரும்போது எடுத்துப் படிக்கலாம். அதனால் எழுதுகிறேன்.

34 வருஷம் குழந்தைகள் வார்டிலேயே இருந்துவிட்டு வந்தவள் நான். 1984-இல் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் வார்டின் கோடியில் ஓர் இருட்டறை இருந்தது. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டியிருப்போம். உள்ளே பேசக்கூடாது, கதவைச் சத்தமாகச் சாத்தக்கூடாது. பிறந்து ஏழெட்டு நாளான குழந்தைகள் அங்கே கிடக்கும். முதல் இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த குழந்தைக்குத் திடீரென்று வாய் இறுகிக்கொள்ளும். பிறகு உடம்பு வில்லாக வளையும். ஒரு வெளிச்சம், ஒரு தும்மல், நம் விரல் பட்டாலே போதும், மறுபடி வலிப்பு வந்துவிடும். ரண ஜன்னி. அழுக்கு பிளேடால் கொடியை அறுத்திருப்பார்கள், இல்லாவிட்டால் தொப்புளில் சாணியோ சாம்பலோ பூசியிருப்பார்கள். அந்த அறையிலிருந்து வீட்டுக்குப் போன குழந்தைகள் குறைவு.

நீ போகும் வார்டில் அந்த அறை இருக்காது. கர்ப்பிணிக்குத் தடுப்பூசி, சுத்தமான பிளேடு, ஆஸ்பத்திரியில் பிரசவம் என்று மூன்றும் சேர்ந்து அதைக் காலி செய்தன. ஒவ்வொரு மாவட்டத்திலும் 1000 பிறப்புக்கு ஒன்றுக்கும் கீழே அந்த நோய் இறங்கியதால், 2015-இல் அதை ஒழித்த நாடுகளின் வரிசையில் இந்தியாவும் சேர்ந்தது. அதற்கு முந்தைய வருஷம், மார்ச் 27 அன்று, நம் நாட்டில் போலியோ இல்லை என்று சான்று கிடைத்தது. கால் சூம்பிய பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற அம்மாக்களைப் பார்த்தவள் நான். அன்றைக்கு சாமி அறையில் போய் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் பிறக்கும் 1000 குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை 13. நாடு முழுவதற்கும் அது 28. இந்த எண்ணை இறக்கியவர்கள் யார் என்று கேட்டால், கிராம சுகாதார நர்ஸ் முதல் உன் வார்டு ஆயாம்மா வரை பேர் பேராகச் சொல்லலாம். மிச்சமிருக்கும் அந்த 13-இல் பெரும்பங்கு முதல் ஒரு மாசத்துக் குழந்தைகள். அவர்கள் வந்து சேரும் இடத்துக்குத்தான் உன்னைப் போட்டிருக்கிறார்கள்.

பால் கொடுக்கும் வேலை என்றாளே உன் அம்மா, அந்தக் கணக்கைச் சொல்கிறேன் கேள். 1.2 கிலோ எடையில் ஒரு குழந்தை வருகிறது என்று வை. முதல் நாள் அதற்குக் கிலோவுக்கு 80 மி.லி. வீதம் மொத்தமே 96 மி.லி. ஒரு காப்பி டம்ளர் நிறையாது. அதை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 4 மி.லி. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. அந்த உடம்பில் ஓடும் ரத்தம் ஏறக்குறைய 100 மி.லி. டெஸ்டுக்கு என்று 1 மி.லி. எடுத்தால், பெரியவர் ஒருவரிடம் 50 மி.லி. எடுத்ததற்குச் சமம். மருந்து எழுதும்போது ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்கு உள்ளே போய்விடும். அதனால் சிரிஞ்சில் மருந்தை ஏற்றியதும் பக்கத்து ஸ்டாஃபைக் கூப்பிட்டுக் காட்டு. "இது கூடவா தெரியாது?" என்று யாராவது முகம் சுளித்தாலும் காட்டு. கடைசி நாள் வரை நான் காட்டித்தான் போட்டேன்.

இப்போது நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். நான் உனக்குச் சொல்ல நினைப்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். ஐப்பசி அடைமழை. ஒரு கட்டிலில் இரண்டு குழந்தைகள். இருமலோடு எட்டு மாசக் குழந்தை ஒன்று வந்தது. மூச்சு எண்ண வேண்டும். எனக்கு அவசரம். 15 செகண்டு எண்ணினேன், 11 வந்தது, நாலால் பெருக்கி 44 என்று கேஸ் ஷீட்டில் எழுதினேன். அந்த வயதுக்கு 50-க்குக் கீழே இருந்தால் பயமில்லை என்று அடுத்த குழந்தைக்குப் போய்விட்டேன். அந்த அம்மா பின்னாலேயே வந்தாள். "சிஸ்டர், விட்டு விட்டுத்தான் பால் குடிக்குது. எப்பவும் இப்பிடி இருக்காது" என்றாள். "சளி இருந்தா அப்படித்தான்மா" என்று அனுப்பிவிட்டேன்.

ராத்திரி டியூட்டிக்கு வந்த சீனியர் சிஸ்டர் அந்தக் கட்டிலில் நின்றார். சட்டையை மேலே ஏற்றிவிட்டு, குழந்தை அழுது அடங்கும் வரை காத்திருந்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். 62. மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்துகொண்டிருந்தது. உடனே ஆக்சிஜன் வைத்து, டாக்டரைக் கூப்பிட்டு, ஊசி ஆரம்பித்தோம். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டான். அவர் என்னைத் திட்டவில்லை. மறுநாள் காலை ஹேண்டோவர் முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "நிமிஷம்னா அறுபது செகண்டும்மா. அந்தக் குழந்தைக்கு நீ பாக்கி வச்சது நாப்பத்தஞ்சு" என்றார். அந்த 45 செகண்டை நான் இன்றுவரை மறக்கவில்லை.

குழந்தை பெரியவர்களைப் போல ஒரே சீராக மூச்சு விடாது. கொஞ்ச நேரம் ஓட்டமாக விடும், கொஞ்சம் நிறுத்தும், மறுபடி ஓடும். பச்சைக் குழந்தை ஐந்து, பத்து செகண்டு நிறுத்துவது சகஜம். 20 செகண்டு தாண்டினால் அது வேறு கதை. கால் நிமிஷம் எண்ணிப் பெருக்கினால் ஓட்டத்தையோ நிறுத்தத்தையோ எண்ணியிருப்பாயே தவிர, குழந்தையை எண்ணியிருக்க மாட்டாய். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அந்த எண்ணைத் தொட்டாலே, தாண்டினாலே எச்சரிக்கை. நீ பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். முழு நிமிஷம் நின்று எண்ணினால்தான் அதற்கு உயிர் வரும்.

பாப்பா, இந்த வேலை முழுக்க அந்த ஒரு நிமிஷத்தில்தான் இருக்கிறது. கை கழுவும்போது ஒரு நிமிஷம். அதைச் சுருக்கினால் கிருமி உன் விரலோடு வார்மருக்குப் போகும். பிறந்தும் அழாத குழந்தையைத் துடைத்து, முதுகைத் தேய்த்து, தலையைச் சரியாக வைத்து, அப்போதும் மூச்சு வராவிட்டால் பலூன் மாஸ்க் வைத்து முதல் காற்றைக் கொடுக்க உனக்கு இருப்பது ஒரு நிமிஷம். வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் பொறுத்து, மறுபடி இன்னும் மெதுவாக. குழந்தை எந்த வேகத்தில் போகிறதோ அந்த வேகத்தில் கூடப் போகிறவள்தான் குழந்தைகள் நர்ஸ்.

பாலாடை பிடிக்கப் பழகிக்கொள். உன் பாட்டி உனக்குப் புகட்டிய வெள்ளிச் சங்கு இன்னும் நம் வீட்டு அலமாரியில் இருக்கிறது. மார்பில் சப்பிக் குடிக்கத் தெம்பில்லாத குழந்தைக்கு இன்றைக்கும் பச்சிளங்குழந்தை வார்டுகளில் அதுதான். குழந்தை விழித்திருக்கும்போது தலையை நிமிர்த்திப் பிடி. பாலாடையின் மூக்கைக் கடைவாயில் லேசாக வைத்துச் சாய். ஊற்றாதே. பால் உதட்டைத் தொட்டு நிற்கட்டும், குழந்தை நாக்கை நீட்டி எடுக்கட்டும். விழுங்கியதா என்று பார்த்துவிட்டு அடுத்த சொட்டு. இருபது மில்லிக்கு இருபது நிமிஷம் ஆகலாம். அவசரத்தில் சாய்த்தால் புரையேறும், நுரையீரலுக்குப் போகும். அந்த இருபது நிமிஷத்தில் நீ வேறொன்றும் செய்யவில்லை என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது, பெற்றவளைப் பற்றி. வெளியே பெஞ்சில் தையல் வலியோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவளைப் பார்வையாளர் என்று நினைக்காதே. அவள் உன்னோடு வேலை செய்கிறவள். "குழந்தை ஒரு மாதிரியா இருக்கு சிஸ்டர்" என்று அவள் சொன்னால், சாச்சுரேஷன் எண்ணைப் பார்ப்பதுபோல அந்தச் சொல்லையும் பார். மெஷின் சரியாகக் காட்டிக்கொண்டிருக்கும்போது தாய் கண்டுபிடித்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கூட இருப்பவர்களை நம்பினால் என்ன நடக்கும் என்று கேள். 1971-இல் வங்கதேச அகதிகள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வந்தபோது, மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமில் காலரா பரவியது. ஏற்ற டிரிப்ஸ் பாட்டில் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மஹலானபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, கூட வந்த உறவினர்களையே புகட்டச் சொன்னார். முப்பது சதவீதம் வரை போயிருந்த சாவு, நாலு சதவீதத்துக்கும் கீழே வந்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் பற்றாமல் ஒன்றில் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தார்கள். டாக்டர் எட்கர் ரே குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். அதுதான் கங்காரு முறை. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடத்தி 2021-இல் வெளியான ஆய்வில், நிலைமை சீராகட்டும் என்று காத்திராமல் பிறந்தவுடனேயே மார்பில் சேர்த்த எடை குறைந்த குழந்தைகளிடையே சாவு கால் பங்கு குறைந்திருந்தது. இரண்டு இடத்திலும் வழி திறந்தது பெற்றவர்கள், உறவினர்கள் கையில்.

பெற்றவர்கள் என்றால் அப்பாவும்தான். ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்னால், பொறந்தது பெண், எடையும் ஒன்றேகால் கிலோ என்று ஒருவர் எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போக வந்தார். நான் வாதாடவில்லை. சட்டையைக் கழற்றச் சொல்லி, நாற்காலியில் சாய்த்து, குழந்தையை அவர் நெஞ்சில் கவிழ்த்துப் போர்த்திவிட்டேன். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரம் கழித்துப் போனபோது, "சத்தம் போடாதீங்க சிஸ்டர், தூங்குது" என்றார். அதற்குப் பிறகு கூட்டிப்போகும் பேச்சே எடுக்கவில்லை.

எல்லாக் குழந்தையும் வீட்டுக்குப் போகாது. அதையும் நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஒரு குழந்தை போய்விட்டால், "வயசிருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிடாதே. அவளுக்கு வேண்டியது இந்தக் குழந்தை. டியூபுகளை எடுத்து, துடைத்து, சுத்தமான துணியில் சுற்றி, அவள் விரும்பினால் கையில் கொடு. பேர் வைத்திருந்தால் அந்தப் பேரைச் சொல். நேரம் கொடு. இன்னொன்றையும் மறக்காதே: இரண்டு மூன்று நாளில் அவளுக்குப் பால் கட்டும். குழந்தை இல்லாத வீட்டில் மார்பு கனத்து வலிக்கும்போது அந்தப் பெண் யாரிடம் கேட்பாள்? என்ன செய்ய வேண்டும் என்று அனுப்பும் முன்னாலேயே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லி அனுப்பு. அன்றைக்கு நீயும் அழுதால் தப்பில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த வார்மருக்குப் போ. அங்கே ஒன்று காத்திருக்கும்.

அந்தக் குழந்தைகள் யாரும் உன்னை நினைவு வைத்திருக்க மாட்டார்கள். உன் பேரைக் கேட்காமலேயே வளர்ந்து பள்ளிக்கூடம் போவார்கள், சண்டை போடுவார்கள், கல்யாணம் கட்டிக்கொள்வார்கள். ஒருத்தர் அறுபது, எழுபது வருஷம் வாழ்வதற்கு, ஓர் இரவில் நீ சரியாக எண்ணியது காரணமாக இருந்திருக்கும். அந்த நிறைவு எனக்குப் போதுமாக இருந்தது. உனக்கும் இருக்கும் என்று நம்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. நைட் முடிந்து வந்தால் போனை அணைத்துவிட்டுத் தூங்கு. உன் அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

முதல் நாள் வார்டுக்குள் போகும்போது வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றச் சொல்வார்கள். அதனால் உள்ளே போனதும் சுவர்க் கடிகாரத்தைப் பார். நொடி முள் ஓடுகிறதா என்று பார். நின்றிருந்தால் பேட்டரி மாற்றச் சொல். யாரும் மாற்றாவிட்டால் நீயே வாங்கிக்கொண்டு போய்ப் போடு.

என்றும் அன்புடன்,
உன் பெரியம்மா