பள்ளிக்கூடப் பாதுகாப்பும் கடைக்காரர் கடமையும்



சரக்குக்குக் காவல் வைப்பது பற்றி நமக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சரக்கினும் மேலான நம் பிள்ளைகள் பகற்பொழுதைக் கழிக்கும் பள்ளிக்கூடத்தின் காவலைப் பற்றி நாம் சிந்திப்பது குறைவு. இதற்கு ஜப்பான் தேசத்தில் நடந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்வோம்.

2001-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலை, ஒஸாக்காவைச் சேர்ந்த இக்கேடா நகரில், அரசாங்கப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆரம்பப் பள்ளிக்குள் ஒருவன் சமையற் கத்தியுடன் புகுந்தான். அவன் சுவர் ஏறவில்லை, பூட்டை உடைக்கவில்லை. திறந்து கிடந்த வாசற்கதவு வழியே நடந்து போனான். எதிர்ப்பட்ட ஆசிரியர் ஒருவர் தலையசைத்தார். அவன் பதிலுக்குத் தலையசைக்கவில்லை. யாரோ ஒரு பிள்ளையின் தகப்பனார் என்று எண்ணி அவர் போய்விட்டார். சில நிமிஷங்களில் அவன் குத்திய குத்தில் முதலிரண்டு வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேர் மாண்டனர். மேலும் 13 பிள்ளைகளும் இரண்டு ஆசிரியர்களும் காயமுற்றனர். 2003-ஆம் ஆண்டில் அந்நாட்டுச் சர்க்கார் பெற்றோரிடம் மன்னிப்புக் கோரியது.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது, வாசல். பாடம் நடக்கும் நேரத்தில் கதவு சாத்தியிருக்க வேண்டும். வந்து போக ஒரே வழி இருக்க வேண்டும்.

இரண்டாவது, கேள்வி. "என்ன வேண்டும்? யாரைப் பார்க்க வேண்டும்?" என்று கேட்பதே முதற்காவல். கடைக்குள் வருபவரை நாம் உடனே விசாரிக்கிறோம். நல்லவருக்கு அது உபசாரம். திருடனுக்கு அது எச்சரிக்கை. பள்ளிக்கும் இதே முறைதான். ஆகவே, பள்ளிக்குப் போகும் நம்மை வாசலில் நிறுத்திப் பெயர் எழுதச் சொன்னால் கோபிக்கலாகாது.

மூன்றாவது, பழக்கம். அந்நாட்டுப் பள்ளிகளில் ஆசிரியர்கள் அந்நியனைத் தடுக்கும் ஒத்திகை செய்கிறார்கள். அவனை எட்ட நிறுத்த, நுனியில் கவையுள்ள நீண்ட கழியும் வைத்திருக்கிறார்கள். கழி பெரிதல்ல, அது இருக்கும் இடமும், எடுக்கும் விதமும் யாவருக்கும் தெரிந்திருப்பதே பெரிது.

கடைக்காரரான நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஜப்பானில் போலீஸை அழைக்கும் எண் 110. அந்த எண்ணைத் தாங்கிய அடையாளத்தைப் பல கடைகளிலும் வீடுகளிலும் ஒட்டியிருக்கிறார்கள். வழியில் பயந்த பிள்ளை அங்கே ஓடிப் புகலாம். கடைக்காரர் பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு போலீஸுக்குச் சொல்வார். இதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் காகிதமே.

நம் கடைகளிலும் இதைச் செய்யலாம். பள்ளியின் தொலைபேசி எண்ணையும் 999 என்ற எண்ணையும் கல்லாப்பெட்டிக்கு அருகே எழுதி ஒட்டுங்கள். பயந்து வரும் பிள்ளையை அதட்டாமல் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மெல்ல விசாரியுங்கள். துரத்தி வந்தவன் பின்னால் ஓடாதீர்கள். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பள்ளி உடுப்பில் வருபவருக்குக் கத்தி விற்காதீர்கள். பள்ளி விட்டு நெடுநேரமாகியும் அஞ்சடியில் தனியே நிற்கும் பிள்ளையைக் கண்டால், யார் வீட்டுப் பிள்ளை என்று பாராமல் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இக்கேடாவில் கேட்கப்படாமற் போனது அந்த ஒரு வார்த்தைதான்.