பழைய காருக்குப் பழைய நிறம்: பெயிண்டிங் தொழில் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்



வன்னியம்பட்டி விலக்கிலிருந்து ராஜபாளையம் வரை சாலையோரப் பட்டறைகளில் நம் மஹல்லா பிள்ளைகள் சிலர் டிங்கரிங்கும் பெயிண்டிங்கும் பழகி வருகிறார்கள். அந்தத் தொழிலில் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த ஒரு சகோதரர் சென்ற ஆண்டு மூச்சுத்திணறலோடு மருத்துவ உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். இனி ஸ்ப்ரே கன்னைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கலர் சேர்க்கச் சொல்லித் தந்தாங்க பாய். மூச்சைக் காப்பாத்திக்கணும்னு யாரும் சொல்லித் தரல" என்றார். அவரிடம் கேட்டறிந்ததையும் நாம் படித்தறிந்ததையும் சேர்த்து, இரண்டையும் ஒரே பாடமாக இங்கே தருகிறோம்.

பழைய கார்களைப் புதுப்பிக்கும் வேலை இப்போது பெருகி வருகிறது. கோவையில் 2015ஆம் ஆண்டு முதல் ஜீடீ கார் அருங்காட்சியகம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த சொந்த உபயோக வாகனத்தை 'விண்டேஜ்' வாகனமாகப் பதியலாம். ஆனால் அது தன் மூல வடிவம் மாறாமல் இருக்க வேண்டும். ஆகவே இப்படிப்பட்ட வண்டிக்குப் பளபளப்பு மட்டும் போதாது. அதற்கு உரிய நிறமும் வேண்டும்.

1. என்ன பெயிண்ட் என்று அறிதல்

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை உதாரணமாக வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்து வண்டி பட்டறைக்கு வரும்போது அதன்மேல் மூன்று நான்கு முறை பெயிண்ட் ஏறியிருக்கும்.

நம் பெரியவர்கள் 'டக்கோ' என்று சொல்வது ஓர் அமெரிக்க நிறுவனம் 1923இல் கொண்டுவந்த நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். அதற்கு முன் காருக்கு வர்ணம் பூசிக் காயவைக்க வாரக்கணக்கில் ஆனது. ஃபோர்டு 'மாடல் டி' கார் 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே வந்தது. சீக்கிரம் காயும் லாக்கர் வந்த பிறகுதான் பல நிறக் கார்கள் தாராளமாகத் தெருவுக்கு வந்தன. பின்னர் எனாமலும், ஹார்டனர் கலந்து அடிக்கும் பி.யு. பெயிண்டும் வந்தன.

சோதனை எளிது. வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து, மறைவான இடத்தில் தேய்க்க வேண்டும். நிறம் கரைந்து துணியில் ஒட்டினால் லாக்கர். சுருங்கி எழுந்தால் பெரும்பாலும் எனாமல். ஒன்றும் ஆகாவிட்டால் ஹார்டனர் போட்டது. எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அடியில் உள்ளது சுருங்கிக் கிளம்பிவிடும். இதைப் பார்க்காமல் தொடங்கினால் ஒரு வார உழைப்பு வீண்.

2. உரிய நிறத்தைக் கண்டெடுத்தல்

முதல் சாட்சி ஆர்.சி. புத்தகம். அதில் நிறம் எழுதியிருக்கும். இரண்டாவது சாட்சி வெயில் படாத இடங்கள்: கதவு ரப்பருக்கு அடியில், டேஷ்போர்டுக்குப் பின்னால், டிக்கி விரிப்பின் கீழே. ஓர் இடத்தில் வாட்டர் பேப்பரால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களைப் போல ஒவ்வொரு பூச்சும் தெரியும். பிரைமருக்கு அடுத்து மேலே இருப்பதே கம்பெனி நிறம். அதை ரப்பிங் காம்பவுண்டால் துலக்கிய பிறகே மாதிரியாகக் கொள்ள வேண்டும். பானெட்டின் மேற்புறம் அரை நூற்றாண்டு வெயில் தின்றது. அதைப் பார்த்துக் கலந்தால் வெளுத்த நிறமே கிடைக்கும்.

தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும். பழைய மஞ்சள், சிவப்பு பெயிண்டுகளில் ஈயம் இருக்கக்கூடும். காய்ந்த தூசு மூச்சில் போகும், உடையோடு வீட்டுக்கும் வரும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2016இல்தான் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பு காரில் அடித்ததற்கு அப்படி எந்த உத்தரவாதமும் இல்லை.

3. நிறம் சேர்த்தல்

கலக்கும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எந்தப் பக்கம் சாய்கிறது, நீலத்துக்கா மஞ்சளுக்கா? வெளுப்பா, கறுப்பா? பளிச்சென்று இருக்கிறதா, மங்கலா? ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். கறுப்பைச் சொட்டுச் சொட்டாகவே விட வேண்டும். விட்டதைத் திரும்ப எடுக்க முடியாது.

டப்பாவில் ஈரமாக இருப்பதைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. பெரும்பாலான நிறங்கள் காய்ந்தால் சற்று அடர்ந்துவிடும். சிறு தகட்டில் பாதிக் கறுப்பும் பாதி வெள்ளையும் பூசி, அதன்மேல் கலவையைக் கன்னால் அடிக்க வேண்டும். கறுப்பு வெள்ளை இரண்டும் மறைந்து, பெயிண்டும் காய்ந்த பிறகு வண்டியோடு ஒட்டவைத்துப் பார்க்க வேண்டும்.

டியூப்லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் வெயிலில் வேறாகத் தெரிவதுண்டு. காலை வெளிச்சத்தில் நிழலில் ஒருமுறை, விளக்கில் ஒருமுறை என்று இரண்டிலும் ஒத்தால்தான் சேர்ந்தது. ஆண்களில் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாது. பழகத் தொடங்கும் முன் கண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

4. அடித்தல்

கன் ஆறிலிருந்து எட்டு அங்குல தூரத்தில், தகட்டுக்கு நேராக இருக்க வேண்டும். மணிக்கட்டை வளைக்காமல் முழுக் கையையும் நகர்த்த வேண்டும். ஓரத்துக்கு முன்பே தொடங்கி, ஓரத்தைத் தாண்டி நிறுத்த வேண்டும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியின் பாதியை மூட வேண்டும். கோட்டுக்குக் கோட்டு டப்பாவில் சொன்ன இடைவெளி விட வேண்டும். பொதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும்.

ஹெரால்டில் பாகங்களைப் போல்ட் கழற்றித் தனியாக அடிக்கலாம். அப்போது எல்லாப் பாகங்களுக்கும் போதுமான பெயிண்டை ஒரே தடவையில் கலந்துவைக்க வேண்டும். கன் அளவையும் காற்றழுத்தத்தையும் மாற்றக் கூடாது. இல்லையேல் பூட்டிய பிறகு கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம்.

ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் லாக்கர் அடித்தால் வெள்ளை பூத்துவிடும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுப்பதே காரணம். உச்சி வெயிலில் அடித்தாலோ பெயிண்ட் பரவும் முன் காய்ந்து ஆரஞ்சுத் தோல் போலாகும். மழையில்லா நாளில், பனி விலகிய காலை நேரமே ஏற்றது.

5. மூச்சு

பி.யு. பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் உள்ளது. 1984இல் போபாலில் கசிந்த வாயு இது அல்ல. ஆனாலும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. இதன் நுண்புகை கண்ணுக்குத் தெரியாது. தீங்கு செய்யும் அளவிலும் மூக்குக்கு வாடை எட்டாமல் இருக்கலாம். வாகன ஸ்ப்ரே பெயிண்டர்களுக்கு ஆஸ்துமா வரும் அபாயம் மற்றத் தொழிலாளரைவிடச் சுமார் 80 மடங்கு என்று பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை எச்சரித்துள்ளது. ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமல் போனால், பிறகு சிறிதளவும் மூச்சை அடைக்கும்.

முகத்தில் கட்டும் கர்ச்சீப்பும் துணி மாஸ்க்கும் இதைத் தடுக்கா. வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் மூடியே முறையான பாதுகாப்பு. தாடி வைத்த பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகத்தோடு ஒட்ட வேண்டிய கரி மாஸ்க் தாடியின் மேல் ஒட்டாது, இடுக்கில் புகை நுழையும். தலையை முழுதும் மூடி, காற்று செலுத்தும் வகையே அவர்களுக்குப் பொருந்தும். தாடியையும் தொழிலையும் இரண்டையும் வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. அடித்து முடித்ததும் 'எப்படி வந்திருக்கிறது' என்று மூடியைத் தூக்கிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். புகை கலைய நேரம் கொடுங்கள்.

மாலையில் இருமல், நெஞ்சு இறுக்கம், லீவு நாளில் குறைந்து வேலை நாளில் திரும்புகிறதென்றால் உடனே டாக்டரிடம் போய், என்ன தொழில் என்பதையும் சொல்லுங்கள். நம் சகோதரர் இரண்டு ஆண்டுகள் சளி என்றே நினைத்திருந்தார்.

6. அமானிதம்

நம்மிடம் விடப்படும் வண்டி அமானிதம். துருவை வெட்டாமல் பட்டி வைத்து மூடினாலும் மேலே பெயிண்ட் மின்னும். இரண்டு மழைக்குப் பிறகுதான் உண்மை தெரியும். உள்ளே இருந்ததை உரிமையாளருக்குக் காட்டிவிட்டுப் பிறகு மூடுங்கள். நம் உடம்பும் அதே போன்ற அமானிதம்தான் என்பதைப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர்கள் பழகுகிற பிள்ளைகளுக்குச் சொல்லித் தர வேண்டுகிறோம்.

காற்று செலுத்தும் மூடி ஒன்றை வாங்கி, நம் பிள்ளைகள் வேலை செய்யும் பட்டறைகளுக்கு முறை வைத்துக் கொடுக்க நிர்வாகக் குழு முடிவு செய்துள்ளது. தேவைப்படுவோர் ஜும்ஆ தொழுகைக்குப் பின் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். நாம் சொன்ன அந்தச் சகோதரரே, இன்ஷா அல்லாஹ், நிறம் சேர்க்கும் வகுப்பையும் எடுப்பார். கன் பிடிக்க முடியாவிட்டாலும் அவருடைய கண் இன்னும் தேர்ந்த கண்தான்.

வஸ்ஸலாம்.
செயலாளர்