31 கோல் தோல்வி

கேள்வி: சர்வதேசக் கால்பந்தில் மிகப் பெரிய தோல்வி எது? தோற்ற அணி அதிலிருந்து என்ன கற்றது?

பதில்: 2001 ஏப்ரல் 11 அன்று ஆஸ்திரேலியாவின் காஃப்ஸ் ஹார்பரில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தில் அமெரிக்கன் சமோவா ஆஸ்திரேலியாவிடம் 0-31 எனத் தோற்றது. ஆஸ்திரேலியாவின் ஆர்ச்சி தாம்சன் மட்டும் 13 கோல் அடித்தார். ஆனால் களத்தில் நின்றது அந்தத் தீவின் உண்மையான அணியே அல்ல. அமெரிக்கக் கடவுச்சீட்டு உள்ளவர்களே ஆடலாம் என்ற விதியால் முதல் அணியில் மிஞ்சியவர் கோல்காப்பாளர் நிக்கி சலாபு ஒருவர்தான். இருபது வயதுக்குட்பட்டோர் அணியிலும் பலருக்குப் பள்ளித் தேர்வு. பதினைந்து வயதுச் சிறுவர்களைக்கூடச் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்படியும் முதல் பத்து நிமிடம் கோல் விழாமல் தாக்குப்பிடித்தார்கள். அதைப் பலரும் மறந்துவிடுவது நியாயமில்லை.

ஓசியானியக் கால்பந்துக் கூட்டமைப்பு கற்ற பாடம், சிறிய அணிகளுக்கு முதலில் தனிச் சுற்று வைப்பது. தீவு அணி தேறப் பத்தாண்டு ஆனது. 2011இல் பயிற்சியாளராக வந்த தாமஸ் ராங்கன் உடல்தகுதியையும் தற்காப்பு ஒழுங்கையும் முதலில் சீர்செய்தார். சலாபுவையும் மீண்டும் அழைத்துவந்தார். அதே ஆண்டு நவம்பர் 22 அன்று, சமோவா நாட்டின் ஏபியா நகரில், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் டோங்காவை 2-1 என வீழ்த்தினார்கள். ஃபிஃபா அங்கீகரித்த ஆட்டங்களில் அதுவே அவர்களின் முதல் வெற்றி. அடுத்து குக் தீவுகளுடன் 1-1 எனச் சமன்செய்து, சமோவாவிடம் ஒரே கோலில் தோற்று வெளியேறினார்கள்.