பல் மருத்துவ உதவியாளர் படிப்பில் சேரலாமா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் பல் மருத்துவ உதவியாளர் சான்றிதழ் படிப்பில் சேர ஆசைப்படுகிறாள். பி.டி.எஸ். படிக்கவைக்க வசதியில்லை. இதை நம்பிச் சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, தக்கலை

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம் அம்மா. ஆனால் விசாரித்துச் சேருங்கள்.

கருவிகளை எடுத்துக்கொடுப்பது, வாயில் ஊறும் நீரை உறிஞ்சியெடுப்பது, அச்செடுக்கும் மாவைக் குழைப்பது, பயந்து வரும் குழந்தையைத் தேற்றுவது எல்லாம் உதவியாளரின் வேலை. எல்லாவற்றிலும் பெரிய பொறுப்பு, கருவிகளைக் கிருமிநீக்கம் செய்வது. ஆட்டோகிளேவில் 121 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், அழுத்தமூட்டிய நீராவியில் குறைந்தது 15 நிமிடம் வைக்க வேண்டும். இதில் அசட்டை காட்டினால் ஒருவரின் மஞ்சள்காமாலைக் கிருமி அடுத்தவருக்குப் போய்விடும். உங்கள் மகளும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை மூன்று தவணையும் போட்டுக்கொள்ளட்டும்.

ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் பல் சுகாதாரப் பணியாளருக்கும் பல் மெக்கானிக்குக்கும் தனிப் பதிவேடு வகுத்தது, உதவியாளருக்கு வகுக்கவில்லை. ஆகவே இந்தச் சான்றிதழை வைத்துத் தனியாகப் பல் சுத்தம் செய்ய முடியாது.

வகுப்பறைப் பாடத்தோடு நின்றுவிடும் நிறுவனம் வேண்டாம். நோயாளிகள் வந்துபோகும் இடத்தில் பயிற்சி உண்டா, சான்றிதழை வழங்குவது யார் என்று எழுத்தில் கேளுங்கள். உங்கள் ஊருக்கு அருகே குலசேகரத்தில் பல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. அங்கே நேரில் போய் விசாரியுங்கள். பணம் கட்டுவது அதற்குப் பிறகு இருக்கட்டும்.